ஓரத்தில் ஒரு பூட்ஸ்

"ஓரத்துல ஒரு பூட்ஸ் கெடக்கு அண்ணே. வெட்டிரட்டா?"

பிளெக்ஸ் கடைக்காரனின் கை மவுஸின்மேல் காத்திருந்தது.

படத்தைக் கொண்டுவந்திருந்த அவன் திரையைப் பார்த்தான்.

இருபத்திரண்டு வருடத்துக்கு முந்தைய செய்தித்தாள் படம். கறுப்பு வெள்ளை. நடுவில் பெர்க்மான்ஸ், வலது கையை உயரத் தூக்கியபடி. கீழ் மூலையில், கோல் கம்பத்துக்குப் பக்கத்தில், ஒரு பூட்ஸின் முன்பாதி. அதன் கயிறு அடிப்பாகத்தை இரண்டு முறை சுற்றிக் கட்டப்பட்டிருந்தது.

ஊரில் அப்படிக் கட்டுகிறவன், திரையைப் பார்த்து நின்ற அவன் ஒருவன்தான்.

பெர்க்மான்ஸ் நேற்று மற்றவர்களோடு படகைக் கரைக்குத் தள்ளும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்தான். பிறகு எழவில்லை. இன்று நான்கு மணிக்கு அடக்கம். அதற்குள் மாதா கோவில் முக்கில் அஞ்சலி பிளெக்ஸ் வைத்துவிட வேண்டும்.

"ஜெர்சி போட்ட படம் அவருக்கு இது ஒண்ணுதான் உண்டு," என்று காலையில் டெல்பின் இந்தத் தாளைத் தந்தாள். பெர்க்மான்ஸின் மனைவி. "இந்தப் படத்த வச்சித்தான் ஆளுவ அவர இத்தன வருசம் கேலி பண்ணினாவ. பரவாயில்ல. மொகம் நல்லா இருக்குல்லா. நீங்க ஒருத்தருதான் அவர ஒரு நாளும் ஒண்ணும் சொல்லல்ல."

தாளின் ஓரம் உள்பக்கமாக மடிந்திருந்தது. பழைய மடிப்பு. நகத்தால் நீவி நீவி அழுத்தியது.

கடைக்காரன் அதைப் பிரித்து ஸ்கேனரில் வைத்தபோதுதான் பூட்ஸ் வெளியே வந்தது.

கோவா கால்பந்து கிளப்பில் இருவரும் ஸ்டாப்பர்கள், கோலுக்கு முன்னால் நின்று தடுக்கிறவர்கள். ஒரே அறை, ஒரே சட்டியில் மீன்குழம்பு. அவனைக் கிளப்புக்குக் கூட்டிப்போனதே பெர்க்மான்ஸ்தான்.

பெர்க்மான்ஸ் "ஏறு!" என்று கத்துவான். பின்வரிசையின் நான்கு பேரும் ஒன்றாக முன்னே ஏற வேண்டும். எதிரணிக்காரன் பின்னால் தனியே மாட்டிக்கொள்வான். ஆஃப்சைடு; கோட்டோரம் நிற்கும் லைன்ஸ்மேன் கொடி தூக்கிவிட்டால் கோல் செல்லாது. மற்ற இருவரான கோவாக்காரனும் நைஜீரியாக்காரனும் தமிழில் அந்த ஒரு சொல்லைத்தான் கற்றிருந்தார்கள்.

ஒருவன் தங்கினாலும் போயிற்று.

அது இறுதிப் போட்டி. கடைசி நிமிடம். அந்த வாரம்தான் ஒப்பந்தங்களைப் புதுப்பிக்க இருந்தார்கள். இரண்டு ஸ்டாப்பர்களில் ஒருவரைத்தான் வைத்துக்கொள்வார்கள் என்று பேச்சு.

"ஏறு!"

மூன்று பேர் ஏறினார்கள்.

அவன் ஏறவில்லை. எதிரே நின்றவன் வேகக்காரன். ஏறிய பிறகு லைன்ஸ்மேன் கொடி தூக்காவிட்டால் என்ன செய்வது என்று கால் யோசித்தது.

பந்து வலையில் கிடந்தது.

கோச்சுக்கு ஒரு வழக்கம் உண்டு. கோல் விழுந்தால், யாரால் விழுந்ததோ அவன் தானாகக் கை தூக்க வேண்டும். கோச் திட்டமாட்டார். கேட்கவும் மாட்டார். கோட்டுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டே இருப்பார்.

பெர்க்மான்ஸ் திரும்பி அவனைப் பார்த்தான்.

அவன் குனிந்து சாக்ஸை இழுத்துவிட்டான்.

பெர்க்மான்ஸ் கை தூக்கினான்.

கோலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த புகைப்படக்காரர் படமெடுத்தது அந்த நொடியில்தான். 'ஆஃப்சைடு கேட்டு மன்றாடும் தடுப்பாட்டக்காரர்' என்று மறுநாள் அதற்கு அடியில் போட்டிருந்தது.

ஊர் அதையே நம்பியது.

கிளப் பெர்க்மான்ஸை அனுப்பிவிட்டது. அவனை வைத்துக்கொண்டது. இன்னும் ஆறு சீசன் ஆடினான். வீடு கட்டினான். பள்ளி விழாக்களில் மாலையோடு உட்கார்ந்தான்.

பெர்க்மான்ஸ் முப்பது வயதில் படகேறினான்.

பெர்க்மான்ஸ் எதிரே வந்தால் ஆட்கள் கை தூக்குவார்கள். மீன் ஏலத்தில், டீக்கடையில், பூசை முடிந்து வரும் வழியில். "லேய், ஸ்டாப்பர் வாறாண்டே! கொடி எங்க, கொடி எங்க?" பெர்க்மான்ஸ் சிரித்துக்கொண்டே போவான்.

ஒரு கல்யாண வீட்டில் பந்தி முழுக்கக் கை தூக்கியது.

அவனும் தூக்கினான். வாயில் சோறு இருந்தது.

பெர்க்மான்ஸ் அன்றும் சிரித்தான். பாயசம் வருவதற்கு முன்பே இலையை மடித்துவிட்டு எழுந்தான்.

"அண்ணே, வெட்டிரட்டா? விட்டா ஆளுவ, யாருக்க காலுன்னு கேப்பாவ."

எனக்க காலு. இரண்டே சொல். நாக்கு வரைக்கும் வந்தது.

"வெட்டு," என்றான்.

நான்கு மணிக்கு மணி அடித்தது. சவப்பெட்டி கோவில் வாசலுக்கு வந்தது. ஊரின் பழைய ஆட்டக்காரர்கள்தான் சுமக்க வேண்டும் என்று டெல்பின் சொல்லியிருந்தாள். முக்கில் அவனும் மற்றவர்களும் வரிசையாக நின்றார்கள்.

எதிரே பிளெக்ஸில் பெர்க்மான்ஸ் இரண்டாள் உயரத்துக்கு நின்றான். ஓரம் சுத்தமாக வெட்டப்பட்டிருந்தது.

பெரிதாக்கிய பிறகு ஒன்று தெரிந்தது. கை மேலே இருந்தது. கண்கள் மேலே இல்லை. லைன்ஸ்மேன் நிற்கும் பக்கத்திலும் இல்லை. கீழ் மூலையில், இப்போது ஒன்றுமே இல்லாத இடத்தில் இருந்தன.

டெல்பின் அழுகையை நிறுத்திவிட்டுப் படத்தைப் பார்த்தாள். கண்கள் போகும் திசையில் மெல்லத் தலையைத் திருப்பினாள்.

"சுமக்குறவிய முன்னால ஏறி வாங்கடே," என்று யாரோ கூப்பிட்டார்கள்.

வரிசை ஓர் அடி முன்னே போனது.

அவன் குனிந்து செருப்பின் வாரை இழுத்துவிட்டான்.