மறுகூட்டல் மேசையில் அப்பா

பிளஸ் டூ விடைத்தாளைக் கூட்டியதில் தப்பு என்று மனுப் போட்டால், இப்போதெல்லாம் இயந்திரமே பெற்றோரை நேரில் அழைத்துப் பேசி மதிப்பெண்ணை முடிவு செய்கிறது. ஜெயமீனாவுக்கு அந்த அழைப்பு வரப் பதினான்கு மாதம் ஆயிற்று. வேதியியலில் எண்பது வந்தால்தான் அவளுக்குக் கல்லூரியில் இடம். கூட வந்த அப்பா தனுஷ்கோடி, விருதுநகரில் நாற்பது வருடமாக மிளகாய் வற்றல் கொள்முதல் செய்கிறவர். எதிராளி எந்த எண்ணைச் சொன்னாலும் குறைத்தே பழகியவர்.

“மன்னிக்கவும். இரண்டு பக்கத்தைக் கூட்டாமல் விட்டுவிட்டோம். தொண்ணூற்றிரண்டு போடலாமா?” என்றது இயந்திரம்.

“தொண்ணூத்திரெண்டா? கட்டுப்படியாகாதுய்யா. அறுபதுன்னா பேசு.”

“அப்பா!”

“நீ சும்மா இரு தாயி.”

“எண்பத்தைந்து?”

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார்.

“சரி, வாருங்கள். அறுபது. பதிவாகிவிட்டது.”

வெற்றியோடு திரும்பியவர், மகளின் முகத்தைப் பார்த்த பிறகுதான் தலையில் கை வைத்தார். அவர் மறுபடி வாய் திறப்பதற்குள் ஜெயமீனா பாய்ந்து பொத்தினாள்.

“மேல்முறையீடு உண்டு. ஆனால் இருபது மாதம் ஆகும்” என்றது இயந்திரம்.

ஜெயமீனா கையை எடுத்தாள்.

“இப்பப் பேசுங்கப்பா.”