கைக்குத் தோதான டார்ச்சு

திருச்சிக்குப் போயிட்டு வந்த மிக்கேல் சாக்கைப் பிரிச்சதும் எங்க பஸ் ரிப்பேர் ஷெட்டே கூடி நின்னு எட்டிப் பார்த்துச்சு.

உள்ளே இருந்தது வெல்டிங் டார்ச்சுதான். ஆனா பழைய டார்ச்சு எங்கே, இது எங்கே? நகை ஆசாரி ஊதுற குழாய் மாதிரி இத்தனூண்டு இருந்துச்சு.

"பஸ்ஸுக்குப் பத்தவைக்க வாங்கிட்டு வரச் சொன்னேனா, பீடிக்கா?"ன்னு முதலாளி நல்லதம்பி கேட்டார்.

"இது போதுங்க"ன்னான் மிக்கேல்.

ஃபிட்டர் நான், எனக்கே வயிறு எரிஞ்சுது. அப்ப ரெண்டாவது உலகச் சண்டைக்காலம். பெட்ரோலுக்கு வழி கிடையாது. அரியலூர்ப் பக்கம் ஓடின பஸ்ஸெல்லாம் முதுகுல இரும்புத் தொட்டியைக் கட்டிக்கிட்டு, அதுல கரியை எரிச்சு வர்ற காஸ்லதான் ஓடுச்சு. அந்தத் தொட்டியோ இன்னைக்கு அடைச்சா நாளைக்கு ஓட்டை. டார்ச்சு இல்லாம மாசக்கணக்கா ரிவிட் அடிச்சும் களிமண்ணைப் பூசியும் காலத்தைத் தள்ளினோம். கடைசியில வெல்டர்னு நம்பி அனுப்பின ஆளு பொம்மையை வாங்கிட்டு வந்து நிக்கிறான்.

கூடப் போன டிரைவர் சின்னதுரை வேற எரியிறதுல எண்ணெய் ஊத்தினான். கடையில பெரிய டார்ச்சும் இருந்துச்சாம், விலையும் ஏறக்குறைய அதேதானாம். மிக்கேல் ஒவ்வொண்ணா எடுத்து, ரெண்டு விரலை மடக்கிக்கிட்டு, தூக்கித் தூக்கிப் பார்த்தானாம். பொண்ணுக்கு வளையல் பார்க்கிறியான்னு கடைக்காரர் சிரிச்சாராம். கைக்குத் தோதா இருக்கணும்லன்னு இவன் சொன்னானாம்.

"அய்யாவுக்குக் கை நோகக் கூடாதுல்ல"ன்னு நான் சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. மிக்கேல் தலையைக் குனிஞ்சுக்கிட்டு ரப்பர் குழாயை மாட்ட ஆரம்பிச்சுட்டான்.

அவன் மேல எங்களுக்கு ஏற்கெனவே மனத்தாங்கல் இருந்துச்சு. அவன் வரதராஜன்பேட்டை வேதக்காரன். பெரிய வெள்ளிக்கிழமை அன்னைக்கு ஜெயங்கொண்டம் பஸ்ஸோட தொட்டி ஒழுகி நின்னுச்சு. ஆண்டவரைச் சிலுவையில அறைஞ்ச நாளு, அன்னைக்கு நாங்க ஆணி, சுத்தியல் எதையும் தொடமாட்டோம்னுட்டான். ஷெட்டுல இன்னொரு வெல்டர் பெரியசாமி. வயசுல சின்னவன், தங்கமான பய. நீங்க கோயிலுக்குப் போங்கண்ணே, நான் பார்த்துக்கிறேன்னு டார்ச்சை வாங்கிக்கிட்டான்.

தொட்டிக்குள்ள தங்கியிருந்த காஸ் வெடிச்சுது. டார்ச்சு தூள் தூளாப் போச்சு. பெரியசாமியோட வலது கை வெந்து போச்சு.

அப்புறம் அவன் துணி சுத்தின கையோட தினமும் ஷெட்டு வாசல்ல வந்து உட்காருவான். அவன் பொண்டாட்டி மருதாயி கைப்பிள்ளையை இடுப்புல வச்சுக்கிட்டு சுண்ணாம்புக்கல் உடைக்கப் போனா. அந்த வூட்டுல அடுப்பு எரிஞ்சது அவ கூலியிலதான்.

முதலாளி நாலு பேரு காதுல விழுற மாதிரி அவன்கிட்ட சொல்வார்: "ஓடுறதே ரெண்டு பஸ்ஸு. வெல்டர் ஒருத்தன் போதும், மிக்கேல் இருக்கான். அவன் இடம் காலியாகி, உன்னால டார்ச்சைப் பிடிக்கவும் முடிஞ்சா, அன்னைக்கே வா."

ரெண்டும் நடக்காதுன்னு தெரிஞ்சுதான் சொன்னார். எங்களுக்கும் தெரியும். ஆனாலும் முதலாளிக்கு நல்ல மனசுன்னு பேசிக்கிட்டோம்.

மிக்கேல் மட்டும் அந்தப் பயலைத் தாண்டிப் போறப்ப நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டான். தனக்காகப் போய் வெந்தவனை எப்படிப்பா இருக்கேன்னு எங்க முன்னாடி ஒரு வார்த்தை கேட்டதில்லை. கல்நெஞ்சுக்காரன்.

திருச்சியிலேர்ந்து வந்த மறுநாள் அந்தச் சின்ன டார்ச்சை வச்சே ஒரு தொட்டியை அடைச்சான். காலையில ஆரம்பிச்ச வேலை பொழுது சாயற வரைக்கும் இழுத்துச்சு. நான் தண்ணி ஊத்திப் பார்த்தேன், ஒரு சொட்டு ஒழுகலை. அதனால முதலாளியும் முணுமுணுத்துக்கிட்டே விட்டுட்டார்.

அதுக்கு அடுத்த நாள் மிக்கேல் வேலைக்கு வரலை.

ஸ்டேஷன் பக்கம் போன சின்னதுரைதான் சேதி கொண்டுவந்தான். அஸ்ஸாம்ல பட்டாளத்துக்கு ரோடு போட ஆள் எடுக்கிறாங்கல்ல, அந்தக் கூட்டத்தோட மிக்கேல் ரயிலேறிட்டானாம். பொண்டாட்டி இன்னாசிமேரி பிளாட்பாரத்துலயே உட்கார்ந்து அழுதுக்கிட்டு இருக்காளாம். அங்க போனவங்க மலைக்காய்ச்சல்ல கொத்துக் கொத்தா சாகுறாங்கன்னு ஊரே பேசின நேரம் அது.

"ஒண்ணுக்கும் உதவாததை என் தலையில கட்டிட்டுக் கம்பிய நீட்டிட்டான் பாரு"ன்னு முதலாளி கத்தினார். நானும் என் பங்குக்கு ரெண்டு திட்டு திட்டினேன்.

வாசல்ல இருந்த பெரியசாமி எந்திரிச்சு உள்ளே வந்தான். கண்ணெல்லாம் சிவந்திருந்துச்சு.

"அண்ணன் போயிட்டாருங்க. எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், கேட்கலை. இடம் காலியாயிருச்சு, நீ போய் முதலாளியைக் கேளுன்னுட்டாரு."

முதலாளி திகைச்சுப் போய், இடம் இருந்து என்னப்பா, அந்தக் கையை வச்சுக்கிட்டு டார்ச்சைப் பிடிக்கணுமேன்னு இழுத்தார்.

பெரியசாமி கையில சுத்தியிருந்த துணியை அவிழ்த்துப் போட்டுட்டு அந்தச் சின்ன டார்ச்சை எடுத்தான். சிலேட்டுல எழுதக் குச்சி பிடிக்கிற பிள்ளை மாதிரி லேசாத் தூக்கினான். அது அளவெடுத்துச் செஞ்சாப்புல உட்கார்ந்துச்சு.

பக்கத்துல நின்ன சின்னதுரை தன் கையைப் பார்த்துக்கிட்டே ரெண்டு விரலை மெதுவா மடக்கினான்.

பெரியசாமியோட அந்தக் கையில மிச்சம் இருந்தது மூணு விரல்.