அழகிரி சார் நிறுத்தவிடாத பஸ்

உச்சிப்பிள்ளையார் சாட்சியாக, இதில் ஓர் எழுத்தும் பொய்யில்லை.

மன்னார்புரத்தில் ஒரு பஸ் கம்பெனி ஆபீஸ். அத்தனை பஸ்களின் அட்டவணையையும் ஒரே வரியில் அலசிவிடும் கணினி மொழி ஒன்றில்தான் அங்கே வேலை நடந்தது. பத்துப் பேருக்கும் குறைவாக ஏறும் பஸ்ஸை அடியோடு நிறுத்தச் சொல்லும் வரியை எழுதிய அழகிரி சார், போன மாதம் காலமாகிவிட்டார். அந்தப் பத்தை இருபதாக்கி, இனி ஓடப்போகும் பஸ்களின் பட்டியலை மாலை ஐந்துக்குள் கொடுத்தால்தான் புதிதாகச் சேர்ந்த பெலிண்டாவுக்கு வேலை நிரந்தரம்.

திரையில் இருபது என்று மாற்றினாள்.

"மாத்தினதும் அழகிரி சாரோட ஃபைலை ஒரு தடவை ஏத்திடுங்கம்மா. அப்பதான் நிலைக்கும்" என்றார் சீனியர் ரெங்கராஜ்.

ஏற்றினாள். திரையில் பத்து என்று இருந்தது. பன்னிரண்டே பேர் ஏறும் பச்சைமலைக் கடைசி பஸ் பட்டியலில் அப்படியே இருந்தது.

மூன்று தடவை மாற்றினாள், மூன்று தடவை ஏற்றினாள். மூன்று தடவையும் பத்துதான். அழகிரி சாரின் காலி நாற்காலி கிறீச்சிட்டது.

"சார், யாரோ திருத்துறாங்க!"

"யாரோவா? அந்த பஸ்லதாம்மா அவர் உயிர் போச்சு. நிறுத்த விடுவாரா?"

பெலிண்டா சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள். வேலை போனால் போகட்டும், ஆவியோடு மல்லுக்கட்ட முடியாது என்று பழைய பட்டியலையே கொடுத்துவிட்டாள்.

ஃபைலை ஏற்றினால், திரையில் செய்த திருத்தம் அழிந்து, ஃபைலில் இருக்கும் பழைய வரிதான் திரும்ப வரும் என்று அவளிடம் சொல்லாத ரெங்கராஜின் வீடு, பச்சைமலையில் இருக்கிறது.