ஏழு சொன்ன குச்சியும் நாலு சொன்ன குச்சியும்

மீன்தொட்டித் தண்ணீரின் புளிப்பை அளக்க வந்த புதுக் குச்சிக்கு அன்று சோதனை. தேறாவிட்டால் வந்த பெட்டியிலேயே திரும்பிப் போக வேண்டியதுதான்.

“எதில முக்கினாலும் ஏழுன்னு சொல்லிடு தம்பி. ஏழுன்னா நல்ல தண்ணி, அதுக்குக் குறையக் குறையப் புளிப்பு. ஏழுன்னு கேட்டாலே தொட்டியைப் பார்த்துக்கிற செண்பகம் அக்காவுக்கு முகம் மலர்ந்துடும். நான் அப்படித்தான் காலம் தள்ளுறேன்,” என்றது தொட்டியில் கிடந்த பழைய குச்சி.

சோதனைக்கென்றே புளிப்பை அளந்து வைத்து, ‘நாலு’ என்று சீட்டு ஒட்டிய குப்பியில் செண்பகம் புதுசை இறக்கினாள். அதற்கு நுனியெல்லாம் புளித்தது. பயந்துகொண்டேதான், ஆனாலும் உரக்க, “நாலு!” என்றது.

“அடி சக்கை! தேறிட்டே ராசா!” என்று சிரித்தவள், அதைத் தொட்டியில் விட்டாள்.

“ஐந்தரை!” என்று கத்தியது புதுசு.

செண்பகம் பதறிப்போய்த் தண்ணீரை மாற்றினாள். சோர்ந்து கிடந்த மீன்கள் துள்ளின. “நாங்க படுற பாட்டைச் சொல்ல இப்பத்தான் ஒரு வாய் வந்திருக்கு!” என்றன.

காலிப் பெட்டிக்குள் பழைய குச்சி போனது. மூடி விழும்வரை “ஏழு, ஏழு” என்றுதான் சொன்னது.