கூண்டுக்குள் சிங்கம்

இன்றாவது சிங்கம் கூண்டுக்குள் போக வேண்டும். போகாவிட்டால் குழந்தையின் கண்ணுக்கு அறுவை சிகிச்சை செய்ய நாள் குறித்துவிடுவார்கள்.

சிங்கம் ஒரு கருவிக்குள் இருந்தது. அதில் கண்ணுக்கு ஒன்றாக இரண்டு குழாய்கள். இடக்கண்ணுக்குச் சிங்கம், வலக்கண்ணுக்குக் காலிக் கூண்டு. கைப்பிடியை நகர்த்திச் சிங்கத்தை உள்ளே அடைத்துவிட்டால், இரண்டு கண்ணும் சேர்ந்து பார்க்கின்றன என்று அர்த்தம்.

வாண்டு குழாய்களில் முகத்தைப் புதைத்திருந்தாள். அம்மா பக்கத்தில் நின்று வேண்டாத தெய்வமில்லை.

அப்பா மட்டும் மாப்பிள்ளை முறுக்குக் குறையாமல் உட்கார்ந்திருந்தார்.

காலையில்தான் காரை வாசல் தூணில் உரசியிருந்தார். தூண் கட்டியவனுக்கு அளவு தெரியவில்லையாம். மனைவிக்கும் நன்றாகவே ஓட்டத் தெரியும். ஆனால் அவர் இருக்கும்போது சாவி கைமாறாது.

அவர் தண்ணீர் ஊற்றினால் பாதி மேசைக்குப் போகும். தம்ளர் சரியில்லை. வாண்டு எறியும் பந்தை ஒருநாளும் பிடித்ததில்லை. அவளுக்கு எறியத் தெரியவில்லை.

வாண்டின் மாறுகண் விஷயமும் அப்படித்தான். குடும்பத்தில் யாருக்காவது உண்டா என்று கண்பயிற்சி கொடுக்கும் பெண் முதல் நாள் கேட்டு முடிப்பதற்குள், எங்கள் பக்கம் சுத்தம், இவளுடைய பெரியப்பாவுக்குத்தான் என்று மனைவி பக்கம் கையைக் காட்டிவிட்டார். பெரியப்பாவுக்கு இருந்தது கண்புரை. யார் கேட்டார்கள்? மாமியார், நாத்தனார் எல்லோரும் அதையே பிடித்துக்கொண்டார்கள்.

பதிலுக்குச் சொல்ல மனைவியும் வாய் நிறைய வசனம் சேர்த்து வைத்திருந்தாள். என்றைக்காவது உதவும் என்று.

குழந்தையின் நல்ல கண்ணை ஒட்டுப் போட்டு மூடி, சோம்பேறிக் கண்ணை வேலை வாங்கியதும் அவள்தான். எத்தனை அடம், எத்தனை அழுகை.

போன தடவை சிங்கம் கம்பி வரைக்கும் வந்தது. கிட்டப் போனதும் காணாமல் போய்விடுகிறது என்றாள் வாண்டு. படம் எங்கே போகும், கதை விடாதே என்று அப்பா அதட்டியதில் உதட்டைப் பிதுக்கிவிட்டாள்.

இன்று கைப்பிடி மெல்ல நகர்ந்தது. நின்றது.

"உள்ளே போயிடுச்சு! வாலு கூட உள்ளேதான்!"

கண்பயிற்சிப் பெண் படத்தை அசைத்துப் பார்த்தாள், மாற்றிப் பார்த்தாள். சிங்கம் கூண்டை விட்டு நகரவில்லை. இப்போதைக்குக் கத்தி வேண்டாம் என்றாள். அம்மா வாண்டை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

அப்பாவுக்கும் மனசு குளிர்ந்துவிட்டது. அந்தச் சிங்கத்தை நானும் ஒரு பார்வை பார்க்கிறேன் என்று முக்காலியில் ஏறி உட்கார்ந்தார். அவர் முகத்துக்குத் தக்கபடி குழாய்களைக் கண்பயிற்சிப் பெண் அகட்டி வைத்தாள்.

பார்த்தார். குழாயின் வாயைச் சட்டை நுனியால் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"வெறும் கூண்டுதானே இருக்கு? சிங்கத்தை எடுத்துட்டீங்களா?"

கண்பயிற்சிப் பெண் படம் எதையும் தொடவில்லை. இரண்டு குழாயின் விளக்கும் எரிந்துகொண்டுதான் இருந்தன.

"கதை விடாதேப்பா" என்றாள் வாண்டு.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. கறுப்புக் கரண்டி மாதிரி ஒன்றை எடுத்து அவருடைய ஒரு கண்ணை மூடினாள், பிறகு அடுத்ததை. இடக்கண் வெளியில் தெரியாத அளவுக்குக் கொஞ்சமே கொஞ்சம் விலகியிருக்கிறது என்றாள். இரண்டும் திறந்திருக்கும்போது அது பார்ப்பதில்லை, அதனால் தூரம் சரியாகப் பிடிபடாது. சின்ன வயதிலிருந்தே இப்படித்தான் இருந்திருக்கும். உங்கள் வீட்டுப் பக்கம் வேறு யாருக்காவது உண்டா?

அவர் முதல் தடவையாக யாரையும் கைகாட்டவில்லை.

மனைவி வாயைத் திறந்தாள். சேர்த்து வைத்ததில் ஒன்றுகூட வரவில்லை. தூணும் தம்ளரும் பந்தும்தான் நினைவுக்கு வந்தன. அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

கையை மட்டும் நீட்டினாள்.

அவர் மறுபேச்சில்லாமல் கார் சாவியை எடுத்துக் கொடுத்தார்.