பெரியப்பா பாட மாட்டார்

வாயைத் திறக்காமல் சீட்டை நீட்டினார் பெரியப்பா. ‘தொண்டையில் வீக்கம். இரண்டு வாரம் பேசவே கூடாது’ என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார்.

டைரக்டர் அதை இரண்டு முறை படித்தார். “என்ன பெரியப்பா, மத்தியானம் பாட்டு சீன். உங்களைத்தானே பாட வைக்கலாம்னு இருந்தேன்.”

பெரியப்பா தொண்டையைத் தொட்டுக் காட்டி, கையை விரித்தார். ஏழு வருடமாக அந்த சீரியலில் அவர் நடித்ததிலேயே அதுதான் நல்ல நடிப்பு.

அரை மணி நேரம் கழித்து அவர் மேக்கப் அறைக்குள் நுழைந்ததும், பெரியம்மாவாக நடிக்கும் அம்மாள் கதவைச் சாத்தினார்.

“தொண்டைக்கு ஒண்ணும் இல்லையே?”

“கல்லு மாதிரி இருக்கு” என்றார் அவர், மெதுவாக.

“ஏழு வருஷமா கேமரா முன்னாடி உங்ககூடக் குடித்தனம் பண்றேன். எனக்குத் தெரியாதா உங்க பொய்?”

அந்த சீரியலில் ஒரு வழக்கம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை பாட்டு எபிசோட் வரும். வருடம் பூராவும் அடித்துக்கொள்ளும் குடும்பம் அன்றைக்கு மட்டும் ஹாலில் கூடிக் கைதட்டும், ஆடும், ஒருவரை ஒருவர் கிண்டல் செய்யும். நடுவில் ஒருவர் மட்டும் முழுப் பாட்டைப் பாடுவார். பார்க்கிறவர்களுக்கு அவர்மேல் பாசம் பொங்கும். பொங்கிய பாசம் ஆறுவதற்குள் ரைட்டர் அந்த ஆளைக் கொன்றுவிடுவார்.

சித்தப்பா பாடினார், அடுத்த திங்கட்கிழமையே லாரி. தாத்தா பாடினார், தூங்கப் போனவர் எழுந்திருக்கவில்லை. அத்தை பல்லவியோடு நிறுத்திக்கொண்டதால் கோமாவோடு தப்பித்தார்.

இந்த வேஷம் கிடைப்பதற்கு முன் நான்கு வருடம் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தவர் பெரியப்பா. போன் அடித்தால் ராங் நம்பராகத்தான் இருக்கும். இப்போது மருந்துக்கடைக்காரர்கூட “வாங்க பெரியப்பா” என்கிறார். அறுபத்திரண்டு வயதில் இதுவும் போனால், அப்புறம் தட்டுவதற்கு வேறு கதவு கிடையாது.

“அப்ப யாரு பாடப் போறா?” என்று கேட்டார்.

“மாப்பிள்ளையாம். வந்து மூணு வாரந்தான் ஆகுது. விஷயம் தெரியாம மூலையில உக்காந்து மனப்பாடம் பண்ணிட்டிருக்கு, பாவம்.”

“சின்னப் பையன்தானே. வேற சீரியல் கிடைக்கும்” என்றார் பெரியப்பா. சொல்லும்போது குரல் நிஜமாகவே கரகரத்தது.

ஹாலில் ரைட்டர் அவசர அவசரமாகப் புதுப் பக்கங்கள் எழுதிக்கொண்டிருந்தார். பெரியப்பா வழக்கமாக உட்காரும் நாற்காலிக்கு மேலே, ஸ்டூலில் ஏறிச் சுவரில் ஆணி அடித்துக்கொண்டிருந்தார் தச்சர். அந்தச் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தினார் டைரக்டர்.

“உங்களுக்கு இன்னைக்கு சீனே வைக்கலை பெரியப்பா. போய் ரெஸ்ட் எடுங்க. தொண்டையைப் பத்திக் கவலையே படாதீங்க. கதையை ரைட்டர் பார்த்துக்குவாரு.”

பெரியப்பா நெஞ்சில் கை வைத்து நன்றி சொன்னார்.

மத்தியானம் மேக்கப் அறையில் கால் நீட்டிப் படுத்தபடி கேட்டார். சிரிப்புச் சத்தம், கைதட்டல், அப்புறம் மாப்பிள்ளையின் குரல். நல்ல குரல். பாட்டு முடியும்வரை அவர் கண்ணைத் திறக்கவில்லை. பழி தன்னுடையது என்று தெரியும். ஆனாலும் பிழைத்தாயிற்று.

எழுந்து ஹாலுக்கு வந்தபோது லைட்டுகளை அணைத்திருந்தார்கள். பெரியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார். கிளிசரினாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார் பெரியப்பா.

மாப்பிள்ளை ஓடி வந்தான். “எப்படிப் பெரியப்பா இருந்துச்சு? உங்களுக்குப் பிடிச்ச பாட்டுன்னு சொல்லித்தான் ஆரம்பிச்சேன். ரைட்டர் அப்படித்தான் எழுதியிருந்தாரு. பெரியம்மா நிஜமாவே அழுதுட்டாங்க.”

சாகப்போகிற பிள்ளை. பெரியப்பாவுக்கு என்னவோ செய்தது. அவன் தலையில் கை வைத்து, “நல்லா இருப்பா” என்றார். பேசக்கூடாது என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. யாரும் கவனித்த மாதிரி தெரியவில்லை. யாருமே அவரைப் பார்க்கவில்லை.

தன் நாற்காலியில் போய்ச் சாய்ந்து உட்கார்ந்தார். இன்னும் ஆறு மாதத்துக்குக் கவலையில்லை.

தச்சர் ஒரு கையில் ஸ்டூலும், இன்னொரு கையில் பேப்பர் சுற்றிய சட்டமுமாக வந்து நின்றார். தயங்கித் தயங்கிச் சொன்னார்.

“கொஞ்சம் எந்திரிங்க பெரியப்பா. உங்க படத்தை மாட்டணும்.”