பின்பாட்டு

"உன் வீட்டுக்காரர் இன்னைக்கும் ஓமனா வீட்டுல பாடிட்டிருக்காரு, மாரி," என்றாள் குழாயடியில் பாக்கியலக்ஷ்மி.

சந்தனமாரி குடத்தைத் தொப்பென்று வைத்தாள். "எங்கிட்ட மூணு மாசமா ஒரு வார்த்தை இல்ல. அவகிட்ட பாட்டா?"

முன்பெல்லாம் மட்டாஞ்சேரி சுக்குக் கிடங்கில் மூட்டை ஏற்றும்போது அவள் கணவன் வேலன்தான் முன்பாட்டு பாடுவான். சுக்கு பொறுக்கும் ஓமனா பின்பாட்டு பாடுவாள். அந்த நாளிலேயே சந்தனமாரிக்கு வயிறு எரியும்.

அவள் போய் ஓமனாவின் கதவைத் தள்ளினாள். உள்ளே வேலனின் இடது கையைப் பிடித்துத் தாளம் தட்டிக்கொண்டிருந்தாள் ஓமனா.

"அடுத்தவ புருசன் கையைப் பிடிக்க வெக்கமா இல்ல?"

"நில்லுங்க சேச்சி, ஒண்ணு கேளுங்க."

வேலன் கோணிப்போன வாயைத் திறந்தான். மூட்டைப் பாட்டின் மெட்டில் இழுத்து இழுத்து வந்தது: "மாரீ... சாயா தா..."

"வாதம் வந்து பேச்சுதான் போச்சு, சேச்சி. பாட்டு போகல. அந்த மெட்டுல உங்க பேரை வச்சுப் பழக்கினேன். சரியா வர்றவரைக்கும் உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னு கையைக் காட்டினாரு."

சந்தனமாரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு ஓமனாவைத் தோளால் இடித்து நகர்த்திவிட்டு, கணவனின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"தள்ளிக்கோ. இனிமே பின்பாட்டு நான் பாடிக்கறேன்."

"சேச்சிக்குப் பாட வருமா?"

"உனக்கு வந்துச்சுல்ல, எனக்கு வராதா? முதல் அடியை மட்டும் சொல்லிக்குடு."